வண்டி ஹீட் ஆகிறது, தண்ணீர் குறைகிறது, ஒழுகல் எங்கும் இல்லை. அவசரம்!

குடியாத்தம்_லோடு:
வணக்கம். மலை ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு இல்லை. பட்டறையில் பார்த்த உடனே ஹெட் கேஸ்கட் (என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) போய்விட்டது, ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை லோடு இருக்கிறது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பாகாயம்_பாலு:
என்ன வண்டி அண்ணா? எந்த வருடம்? பெட்ரோலா, டீசலா, கேஸா?

சத்துவாச்சாரி_டிரைவர்:
முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுங்கள், என்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் தடுக்கும் வால்வு அது. கத்திரியில் 40 டிகிரி தாண்டுகிற ஊரில் அது எதற்கு? என் வண்டியில் கழற்றி எத்தனையோ வருடம் ஆகிறது, முள் பாதிக்கு மேல் போனதே இல்லை.

வாணியம்பாடி_ரஃபி:
எந்த மலை? ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு, அதில் ஏறினால் நல்ல வண்டியே கொஞ்சம் சூடாகும். சிக்னலில் நிற்கும்போதும் முள் ஏறுகிறதா, இல்லை மலையில் மட்டும்தானா? அது தெரிந்தால் பாதி முடிந்துவிடும். நிற்கும்போது ஏறினால் ஃபேன், ஃபேன் சுவிட்ச், அதன் ஃபியூஸ். ஓடும்போது மட்டும் ஏறினால் ஃபேனை விட்டுவிடலாம்.

பழைய_இரும்பு:
மாதத்துக்கு ஒருவர் இப்படி வந்துவிடுகிறார். வண்டியின் பெயர் இல்லை, என்ஜின் இல்லை, என்ன ஊற்றுகிறார் என்பதும் இல்லை. டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? இங்கே இதைப் பற்றி நான் பலமுறை எழுதியாகிவிட்டது. முதலில் பழைய இழைகளைப் படியுங்கள், அப்புறம் கேளுங்கள்.

குடியாத்தம்_லோடு:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். மாருதி ஓம்னி வேன், 2006, பெட்ரோல் மட்டும். பேரணாம்பட்டு தாண்டி பத்தலப்பல்லி மலைப்பாதையில் வி.கோட்டா போவேன், பின்னால் லுங்கி பண்டல் இருக்கும். ஊருக்குள் ஒரு தொந்தரவும் இல்லை. ஃபேன் ஓடுகிறது. ஊற்றுவது வீட்டு போர் தண்ணீர்தான்.

பாகாயம்_பாலு:
அப்படியானால் வாட்டர் பம்ப். பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், சீல் தேய்ந்தால் அது வழியாகக் கசியும். சூட்டில் உடனே ஆவியாகிவிடுவதால் தரையில் சொட்டு விழாது. துளைக்குக் கீழே வெள்ளையாகவோ துரு நிறத்திலோ தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பழைய_இரும்பு:
போர் தண்ணீரா? அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நம் பக்கத்துப் போரில் கெட்டியான உப்புத் தண்ணீர். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாயிலும் படியும். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது பாதி அடைத்த ரேடியேட்டரே போதும், லோடோடு மலை ஏறினால் போதாது. ரேடியேட்டரைக் கழற்றிக் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

சத்துவாச்சாரி_டிரைவர்:
என் அப்பா காலத்தில் லாரிக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றினார்கள். ஓடவில்லையா? தெர்மோஸ்டாட்டை எடுங்கள், தண்ணீர் தடையில்லாமல் சுற்றும்.

காட்பாடி_கலை:
அந்தக் காலத்து லாரி என்ஜின் முழுக்க வார்ப்பிரும்பு சார். ஓம்னியில் ஹெட் அலுமினியம், உப்புத் தண்ணீர் அதை அரிக்கும். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். சந்தேகம் இருந்தால் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் புதிது போடலாம். தூக்கி எறிய வேண்டியதில்லை.

சத்துவாச்சாரி_டிரைவர்:
காஷ்மீரில் ஓட்டுகிறவர்களுக்கு அது சரி மேடம். வேலூரில் எதற்கு என்ஜின் சூடாக வேண்டும்?

காட்பாடி_கலை:
வெளியில் 40 டிகிரி என்றாலும் தெர்மோஸ்டாட் திறப்பது 80-ஐத் தாண்டித்தான். நம் வெயிலே அதன் வேலையைச் செய்துவிடாது. சரி, அதை விடுங்கள்.

குடியாத்தம் தம்பி, ஹெட்டை இறக்குவதற்கு முன் சில விஷயங்கள் பார்த்துவிடுங்கள். காலையில் வண்டி முழுக்க ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள், சூட்டில் திறந்தால் கை வெந்துவிடும். தண்ணீரை நிரப்பிவிட்டு, மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்து வாய்ப்பகுதியைப் பாருங்கள். முதலில் வரும் ஒன்றிரண்டு குமிழி உள்ளே நின்ற காற்று, அது நின்றுவிடும். நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தால், ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க அதிகமானால், கேஸ்கட்தான். ஆயில் மூடியின் உட்புறம் பழுப்பாக, வெண்ணெய் போல ஏதாவது ஒட்டியிருக்கிறதா? சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? இது எதுவும் இல்லையென்றால் பட்டறைப் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம்.

இன்னொன்று, ரிசர்வ் டப்பாவில் மட்டம் எப்படி இருக்கிறது?

குடியாத்தம்_லோடு:
பார்த்துவிட்டேன் அக்கா. குமிழி நின்றுவிட்டது. ஆயில் சுத்தம், புகை இல்லை. பம்பின் அடியிலும் தடம் இல்லை. டப்பாவில் மேல்கோட்டைத் தாண்டி இருக்கிறது, அதனால்தான் அதைப் பற்றி எழுதவில்லை.

காட்பாடி_கலை:
ரேடியேட்டர் குறைகிறது, டப்பா நிரம்பியிருக்கிறது. அங்கேதான் இருக்கிறது விஷயம். சூடானால் தண்ணீர் விரிந்து மூடியின் வால்வைத் தள்ளிக்கொண்டு டப்பாவுக்குப் போகும். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியின் நடுவில் இருக்கும் சின்ன வால்வு வழியாக அதே தண்ணீர் திரும்பி வர வேண்டும். அந்த வால்வு ஒட்டிக்கொண்டாலோ, மூடிக்கும் டப்பாவுக்கும் நடுவே போகும் சின்ன ரப்பர் டியூபில் கீறல் இருந்தாலோ, தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும், திரும்பாது. டப்பா நிரம்பி வழிவது ஓடும்போது ரோட்டில் என்பதால் நிறுத்தும் இடத்தில் ஈரம் தெரியாது.

மூடி தளர்ந்தால் அழுத்தமும் நிற்காது. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 0.9 என்று அழுத்த அளவு அச்சிட்ட மூடி சரியாகப் பிடித்தால் 118 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். மலையில் அந்த வித்தியாசம்தான் உங்களைக் காப்பாற்றும். மூடியின் ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள், டியூபை இரண்டு முனையிலும் வளைத்துப் பாருங்கள்.

பழைய_இரும்பு:
மூடியை நானும் சொல்ல இருந்தேன். ஆனால் உப்பு படிந்த ரேடியேட்டரை அப்படியே விட்டால் அடுத்த கத்திரிக்குள் திரும்ப இதே இடத்தில் வந்து நிற்பார்.

பாகாயம்_பாலு:
பம்பையும் ஒருமுறை கையால் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங்.

சத்துவாச்சாரி_டிரைவர்:
பம்ப், மூடி எல்லாம் இருக்கட்டும். தெர்மோஸ்டாட் பற்றி நான் சொன்னதற்கு இன்னும் சரியான பதில் வரவில்லை.

வாணியம்பாடி_ரஃபி:
அதற்கு ஒரு தனி இழை போடுங்கள் அண்ணா, அங்கே பேசலாம்.

குடியாத்தம்_லோடு:
டியூப் மூடிப் பக்கம் வெடித்திருந்தது, மூடி ரப்பர் கல் மாதிரி. இரண்டும் மாற்றினேன். இன்று லோடோடு வி.கோட்டா போய் வந்தாகிவிட்டது, முள் பாதியில் நின்றது. ஹெட் வேலை வேண்டாம் என்று பட்டறையில் சொல்லிவிட்டேன். நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி.

பழைய_இரும்பு:
இப்போது உள்ளே ஊற்றியிருப்பது போர் தண்ணீரா, கூலன்ட்டா?

காட்பாடி_கலை:
ஆமாம் தம்பி, அதையும் சொல்லிவிடுங்கள்.