நடுத்தெரு வீட்டுக்காரங்க (வாட்ஸ்அப் குழு)

முறுக்குக்கடை அண்ணன், காலை 7:42
பழைய பத்திர ஆபீஸ் கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. கட்டடத்த இடிச்சு எடுத்துக்க ஏலம். அடுத்த வெள்ளிக்கெழம.

சிங்கப்பூர் தம்பி, 7:50
என்னண்ணே இது! ஆத்தங்குடி கல்லு, பர்மா தேக்கு உத்தரம் போட்ட கட்டடம். 2014லயே செட்டிநாட்டு ஊருக யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிருச்சே?

கொத்தனார் மாமா, 7:58
தற்காலிகப் பட்டியல் மாப்ள. அதக் காட்டி ஒரு சன்னலக்கூட நிறுத்த முடியாது.

கொத்தனார் மாமா, 8:00
அந்தத் தேக்குக்காகத்தான் ஏலத்துக்கே ஆளு வருவான். பழைய சாமானுக்குப் பொதுப்பணித்துறை ஒரு மதிப்புப் போடும், அதுக்கு மேல கேக்குறவன் பணத்தக் கட்டி, சொந்தச் செலவுல இடிச்சு அள்ளிக்கிட்டுப் போகணும். கதவு நெலையெல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் கடைகளுக்குப் போயிரும்.

மேலவீட்டு ஆச்சி, 8:06
எனக்குத் தேக்கும் வேணாம், கல்லும் வேணாம். அந்தச் செவத்துலதான்டா எங்க ரெண்டாங்கட்டு உத்தரம் உக்காந்திருக்கு. பொதுச்செவரு. ஜேசிபி வந்து இடிச்சா என் வீடு நிக்குமா?

பால்காரர், 8:07
🌹இனிய காலை வணக்கம்🌹

சிங்கப்பூர் தம்பி, 8:09
அண்ணே இப்பவா?

கொத்தனார் மாமா, 8:15
ஆச்சி கேக்குறதுதான் கேள்வி. அது சுண்ணாம்புச் சாந்துல கட்டுன செவரு. சிமெண்டு மாதிரி இறுகிக் கெடக்காது. கடப்பாறையால நெம்புனா செங்கல்லு உடையாம முழுசா வரும், அதையும் வித்துக்கலாம். ஆனா ஜேசிபி தட்டுனா அதிர்ச்சி செவரு நெடுக ஓடும், இந்தப் பக்கம் பூச்சு பாளமாப் பேந்துரும். மேல்தளத்த மொதல்ல வெட்டி எறக்கி, அப்புறம் உத்தரம், அப்புறம் வரிவரியாச் செவரு. பொதுச்செவத்தத் தொடவே கூடாது.

முறுக்குக்கடை அண்ணன், 8:19
ஏலம் எடுத்தவன்ட்ட சொன்னா கேப்பானா? ஜேசிபின்னா ரெண்டு நாள்ல முடிச்சிருவான்.

கொத்தனார் மாமா, 8:21
கேக்க மாட்டான். அதான் ஏலத்துக்கு முந்தியே நிபந்தனையில எழுத வைக்கணும். "கிழக்குப் பக்கம் ஆள் வச்சுத்தான் பிரிக்கணும், பொதுச்செவர விட்டுரணும்"னு.

டீச்சரம்மா, 8:30
நான் மனு எழுதித் தர்றேன். திங்கக்கெழம சிவகங்கை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் நாள். ஆச்சி, வீட்டுப் பத்திரம் நகல் வேணும்.

மேலவீட்டு ஆச்சி, 8:33
பெட்டகத்துல இருக்கு. அந்தப் பத்திரம் பதிஞ்சதே அந்த ஆபீஸ்லதான்.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முறுக்குக்கடை அண்ணன், 8:36
யாருப்பா அது, எனக்கு அந்தக் கதவு வேணும்னு போட்டுட்டு அழிச்சது? பாத்துட்டேன் 😄

கொத்தனார் மாமா, 8:41
மனுவுக்கு முந்தி ஒரு வேல. செவத்துல இப்பவே இருக்குற விரிசல் எல்லாத்தையும் போட்டோ எடுக்கணும், அன்னைக்குப் பேப்பரப் பக்கத்துல பிடிச்சு. இல்லாட்டி நாளைக்கு "இது பழைய விரிசல்"னு சொல்லிருவாய்ங்க. சாயங்காலம் 5 மணிக்கு டேப்போட வர்றேன்.

மேலவீட்டு ஆச்சி, 8:44
வாப்பா. பின்கட்டு வழியா வா, முகப்புல நெல்லு காயுது.