முயல் வலை சொந்தமா பின்னணும்: நூல், கண் அளவு, வைக்கிற முறை தெரிஞ்சவங்க சொல்லுங்க

கீரைத்தோட்டம்_நார்ஃபோக்:

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்துல நார்ஃபோக்ல, தெட்ஃபர்ட் ஊர் பக்கத்துல ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மியா நிலம் குத்தகைக்கு எடுத்து காய்கறி போட்டிருக்கேன். நல்ல மணல் மண்ணு. தெற்கு வேலியோரமா ஒரு நீள மண்மேடு இருக்கு, அது முழுக்க முயல் பொந்து. கோஸ் நாத்து, பட்டாணி, பீட்ரூட் இலை எதையும் விட்டு வைக்கல. வெங்காயத்தை மட்டும்தான் தொடல, அதுவும் இதுவரைக்கும்.

பக்கத்துப் பண்ணைக்காரர் ரெண்டு ஃபெரட் வளர்க்கிறார் (கீரி மாதிரி மெலிஞ்ச பிராணி, பொந்துக்குள்ள விட்டா முயலை வெளிய விரட்டும்). "வலையை நீ கொண்டு வா, ஃபெரட்டை நான் கொண்டு வரேன்"னு சொல்லிட்டார். ஆன்லைன்ல ஒரு கட்டு வலை வாங்கினேன். வழவழன்னு மெல்லிசு நூல், இழுத்தா முடிச்சு நகருது, கண்ணு ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா ஆயிடுது. திருப்பி அனுப்பிட்டேன். நாமே பின்னிட்டா என்னன்னு தோணுது. என்ன நூல், எவ்வளவு பெரிய கண், வளையம் எப்படி மாட்டுறது? பொந்துல எப்படி விரிக்கணும்? சட்டப்படி ஏதாவது சிக்கல் வருமா? வீடியோ பார்த்தா கை போற வேகத்துல ஒண்ணும் பிடிபடல.

இல்ஃபோர்ட்_மீனா:

வலையெல்லாம் எதுக்குங்க, வேலி போடுங்க. எங்க அலாட்மென்ட்ல (வாடகைக்கு எடுத்த காய்கறித் துண்டு நிலம்) போட்டிருக்கோம். 31 மில்லிமீட்டர் கண்ணு உள்ள அறுகோணக் கம்பிவலை, தரைக்கு மேல 90 சென்டிமீட்டர், அடியில 15 சென்டிமீட்டரை வெளிப்பக்கமா மடிச்சுத் தரையில படுக்க வெச்சு ஆணி அடிங்க. முயல் வேலி ஓரத்துலதான் தோண்ட வரும், மடிச்ச கம்பி காலுக்கு அடியில இருக்கறதால தோண்ட முடியாது. செலவு ஒரே தடவைதான்.

குருநகரான்:

மீனா சொன்ன வேலி சரியான அளவு, பிழை இல்லை. ஆனா பொந்து வேலிக்கு உள்ளுக்கை இருக்குது. இப்ப வேலி போட்டால் முயலை உள்ளை விட்டுப் பூட்டினதுதான் மிச்சம். முதல் மேட்டைத் துப்பரவாக்க வேணும், பேந்து வேலி.

தம்பி, நான் யாழ்ப்பாணத்துக் குருநகர் ஆள், அப்பா கடற்றொழில். முற்றத்திலை இருந்து வலை பின்னின கை. சஃபோக்குக்கு வந்தாப் பிறகு பக்கத்து வீட்டுக் கிழவனோடை ஃபெரட் விடப் போகத் தொடங்கினன். அவற்றை கொட்டிலிலை தொங்கின முயல் வலையை எடுத்துப் பாத்தால் ஊசியும் அதே ஊசி, முடிச்சும் அதே முடிச்சு. சூடை வலைக் கண்ணுக்குள்ளை விரல் போகாது, இதுக்குள்ளை கையே போகும், அவ்வளவுதான் வித்தியாசம். கிழவன் எனக்குப் படிப்பிச்சது பின்னுறதை இல்லை, வைக்கிறதை. அதைக் கீழை சொல்லுறன்.

நூல். நீங்கள் திருப்பி அனுப்பினது அநேகமா தங்கூசி மாதிரி வழுக்குற நைலோன். அது முயலுக்குச் சரிவராது. முடிச்சு நிக்காது, சுள்ளி எல்லாத்திலையும் சிக்கும், முயலின்ரை தோலையும் வெட்டும். பஞ்சு போலத் திரிச்ச நைலோன் இருக்கு, இஞ்சை கடையிலை 4 இசட் (அந்த நூலின்ரை தடிப்பு அளவு) எண்டு கேட்டால் தருவினம். முடிச்சைக் கடிச்சுப் பிடிக்கும், நனைஞ்சாலும் உக்காது. கிழவன் ஹெம்ப் நூலைத் தவிர வேறை ஒண்டையும் தொடமாட்டார். அது பாரம், பொந்து வாயிலை அப்பிடியே படிஞ்சு கிடக்கும், காத்துக்கு எழும்பாது. அந்த விசயத்திலை அவர் சொல்லுறது சரி. ஆனா ஈரத்தோடை சுருட்டி வைச்சால் அடுத்த பருவத்துக்கு நூல் இத்துப் போயிடும். தொடக்கத்துக்கு நைலோன் எடுங்கோ.

கண், முடிச்சுக்கு முடிச்சு 2 அங்குலம். அதுக்கு 2 அங்குல அகலத்திலை ஒரு அளவுக்கட்டை வேணும். நான் பழைய பிளாஸ்டிக் வெட்டுப்பலகையை அறுத்து, விளிம்பை அரத்தாளாலை உரஞ்சி எடுத்தன். மரமெண்டாலும் காணும், ஆனா சிம்பு இருந்தால் ஒவ்வொரு கண்ணிலையும் நூல் கொழுவும்.

ஒரு வலைக்கு ரெண்டு வளையம், ஒண்டேகால் அங்குலம் அளவிலை. பித்தளை நல்லது, துருப்பிடிக்காது. முதல் வளையத்திலை அளவுக்கட்டையை வைச்சு 16 கண் போடுங்கோ. பேந்து திருப்பித் திருப்பி வரிசையாப் பின்னிக்கொண்டு போனால், இருபது, இருபத்தொரு வரிசையிலை இழுத்துப் பிடிக்க மூண்டரை அடி வரும். கடைசி வரிசைக் கண் எல்லாத்தையும் ரெண்டாவது வளையத்திலை சேர்த்துக் கட்டி முடியுங்கோ.

முடிச்சைத்தான் வீடியோவிலை பிடிக்கேலாது. ஊசியை மேல் கண்ணுக்குள்ளாலை பின்பக்கமிருந்து முன்னுக்கு எடுங்கோ. கண்ணின்ரை அடி கட்டையின்ரை விளிம்பிலை முட்டுற வரைக்கும் நூலைக் கீழை இழுங்கோ. அந்த இடத்தைப் பெருவிரலாலை அமத்திப் பிடியுங்கோ, விடக்கூடாது. நூலை இடப்பக்கம் மேலாலை வீசினால் ஒரு வட்டம் வரும். ஊசியை கண்ணின்ரை ரெண்டு காலுக்கும் பின்னாலை கொண்டு போய், அந்த வட்டத்துக்குள்ளாலை வெளியிலை எடுத்து இறுக்குங்கோ. முடிச்சு கண்ணின்ரை ரெண்டு காலையும் சேர்த்துப் பிடிச்சிருக்க வேணும். பெருவிரல் வழுக்கினால் முடிச்சு கீழை இறங்கி வெறும் நூலைச் சுத்தி விழும். பாக்க முடிச்சு மாதிரித்தான் இருக்கும், இழுத்தால் ஓடும். கடையிலை வாங்கினதிலை நீங்கள் கண்டது உதுதான்.

இனி ஓடுகயிறு. மூண்டு மில்லிமீட்டர் பின்னல் கயிறு. மேல் வளையத்துக்குள்ளாலை விட்டு, ஒரு பக்க ஓரக் கண் எல்லாத்துக்குள்ளாலையும் கோர்த்து, கீழ் வளையத்துக்குள்ளாலை திரும்பி, மற்றப் பக்க ஓரத்தாலை மேலை வந்து, திரும்பவும் மேல் வளையத்துக்குள்ளாலை வெளியிலை எடுத்து, ரெண்டு நுனியையும் சேர்த்து முளையிலை கட்டுறது. முயல் பாய்ஞ்சு வலையைத் தள்ளிக்கொண்டு போக, கயிறு இறுகி ஆச்சியின்ரை சுருக்குப்பை மாதிரி வாய் மூடிக்கொள்ளும். முளைக்கு ஹேசல் தடி வெட்டுங்கோ, நல்லாக் காய்ஞ்சது.

இப்ப வைக்கிற விசயம். மேட்டுக்குக் கிட்டப் போகேக்கை காத்து உங்கடை முகத்திலை அடிக்க வேணும். வாயைத் திறக்கப்படாது. கால் சத்தம் மண்ணுக்குள்ளாலை முயலுக்குக் கேக்கும். பூட்ஸ் போட்டு மேட்டிலை திம்திம் எண்டு நடந்தால் அதுகள் உள்ளுக்கை இறுகிப் போயிடும், பேந்து ஃபெரட் விட்டாலும் வெளியிலை வராது. கிழவன் எழுபது தாண்டின ஆள். அவர் ஒரு பொந்திலையிருந்து மற்றதுக்குப் போறதைப் பாத்தால் மேட்டிலை நிழல் நகருற மாதிரி இருக்கும் எண்டு ஆரும் எழுதுவினம். உண்மை என்னண்டால் முழங்காலிலை தவண்டு போவார், அவ்வளவுதான், சேறு பூசினபடி.

கீழ் வளையத்தை பொந்தின்ரை கீழ் உதட்டுக்குள்ளை கொஞ்சம் தள்ளி வையுங்கோ. வலையை வாய் முழுக்க மூடுற மாதிரி விரிச்சு, மேல் வளையத்தை பொந்துக்கு மேலை வைச்சு, முளையை அதுக்கும் மேலை மண்ணுக்குள்ளை இறுக்கி அடியுங்கோ. சுத்தியல் இல்லை, உள்ளங்கையாலை அமத்துறது. உங்கடை மண் மணல் எண்டபடியாலை முளை கொஞ்சம் நீளமா வேணும். ஓடுகயிற்றிலை ஒரு காய்ஞ்ச இலை இருந்தால் காணும், கயிறு ஓடாது, முயல் வலையை உதறிப் போட்டுப் போயிடும். நெட்டில் (தொட்டால் சுணைக்கிற செடி) பத்தைக்குள்ளை மறைஞ்ச சின்னப் பொந்துகளை வடிவாத் தேடுங்கோ, பெரிய வாயை விட்டிட்டு முயல் அதுக்குள்ளாலைதான் பாயும். உதாலைதான் ஆக்கள் மாரிகாலத்திலை இதைச் செய்யிறது. செடி எல்லாம் செத்துக் கிடக்கும், பொந்து தெரியும், குட்டியும் குறைவு. நவம்பரிலையிருந்து பெப்ரவரி வரைக்கும் எண்டு வையுங்கோ.

முயல் விழுந்தோடனை ஓடிப்போய் எடுக்க வேணும், அதே பொந்திலை உடனை வேறை வலை போட வேணும். எப்பிடிக் கெதியாக் கொல்லுறது எண்டதை பண்ணைக்காரரிட்டை நேரிலை பழகுங்கோ, எழுதிப் படிப்பிக்கிற விசயம் இல்லை. பிடிச்ச மிருகத்தைத் துடிக்க விட்டால் 2006 மிருக நலச் சட்டத்திலை குற்றம். கண் வீங்கி, சீழ் வடிஞ்சு, ஓடாமல் நிக்கிற முயல் வந்தால் அது மிக்சோமடோசிஸ். 1953 இலை கென்ட்டிலை தொடங்கி ரெண்டு வருசத்திலை இந்த நாட்டு முயலிலை பெரும்பகுதியைக் கொண்டுபோன நோய், இன்னும் இருக்கு. அதைச் சட்டிக்குள்ளை போடாதேங்கோ.

சட்டம். குத்தகைக்காரருக்கு தன்ரை நிலத்திலை முயல் பிடிக்கிற உரிமை 1880 ஆம் ஆண்டு கிரவுண்ட் கேம் சட்டத்திலையே இருக்கு, நிலச் சொந்தக்காரன் ஒப்பந்தத்திலை எழுதி அதைப் பறிக்கேலாது. 1954 பெஸ்ட்ஸ் சட்டப்படி முயலைக் கட்டுப்படுத்துறது உங்கடை கடமையும் கூட. பண்ணைக்காரருக்கு ஒரு கடதாசியிலை அனுமதி எழுதிக் குடுங்கோ. வேலிக்கு அங்காலை மற்றவன்ரை நிலத்திலை பொந்து திறந்தால் அங்கையும் கேட்டுத்தான் வலை போட வேணும். முக்கியமானது பேட்ஜர், அதுவும் பொந்து தோண்டி இருக்கிற, முயலை விடப் பெரிய மிருகம். பொந்து வாய் உயரத்தைவிட அகலம் கூட, பத்து அங்குலம் மட்டிலை இருந்து, வாசலிலை பெரிய மண்குவியல் கிடந்தால் அந்தப் பக்கமே போகாதேங்கோ. பேட்ஜருக்கு 1992 இலை தனிச் சட்டமே இருக்கு.

தென்காசி_ராஜா:

அண்ணே, அருமையா எழுதிருக்கீங்க. இந்தச் சுருக்கு வலை நம்ம ஊர்ல செல்லுமா? பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போறேன், தோட்டத்துல முயல் நிறைய.

வேம்பு:

ராஜா, வேண்டாங்க. நம்ம ஊர் முயல் வேற சாதி. அது பொந்து தோண்டாது, புல்லுக்குள்ள பள்ளம் மாதிரி இடம் பண்ணிப் படுத்திருக்கும். பொந்தே இல்லாதப்ப பொந்து வலையை எங்க விரிப்பீங்க? அதைவிடப் பெரிய சங்கதி, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம முயலைப் பிடிக்கிறதே குற்றம், வலையா கண்ணியான்னு கேக்க மாட்டாங்க. பிடிச்சு வீடியோ வேற எடுத்துப் போட்டா வனத்துறைக்கு நீங்களே சாட்சி கொடுத்த மாதிரி.

கீரைத்தோட்டம்_நார்ஃபோக்:

குருநகர் அண்ணா, ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி சமையல் மேஜைல உக்காந்து பழைய நூல்ல முடிச்சுப் பழகினேன். பெருவிரல் விஷயம் புரிஞ்சதும் நிக்க ஆரம்பிச்சிடுச்சு. ரெண்டு சந்தேகம். ஃபெரட் இல்லாம ராத்திரி வலையை விரிச்சுட்டு காலையில வந்து பார்க்கலாமா? இன்னொண்ணு, நீள வலைன்னு ஒண்ணு சொல்றாங்களே, என் நிலத்துக்கு அது சரி வருமா?

குருநகரான்:

முதலாவதுக்கு இல்லை. வலையை விரிச்சுப் போட்டு வீட்டை போகப்படாது. முயல் விழுந்து விடிய விடியக் கிடக்கும், இல்லாட்டி நரி வந்து வலையோடை கொண்டு போகும். அதோடை எத்தினை வலை விரிச்சீங்களோ அத்தினையும் எண்ணிச் சுருட்ட வேணும். கிழவன் பத்துப் பத்தாக் கட்டித்தான் கொண்டு போவார். கட்டிலை ஒண்டு குறைஞ்சால் இருட்டினாலும் டோர்ச் அடிச்சுத் தேடிப்போட்டுத்தான் வாகனத்திலை ஏறுவார்.

நீள வலை பழைய காலத்து இரவுத் தொழில், களவாப் பிடிக்கிற ஆக்கள்தான் அதிலை கெட்டிக்காரர். 1828 இலையே இரவுக் களவு வேட்டைக்கு எண்டு சட்டம் கொண்டு வந்தவங்கள். சொந்த நிலத்திலை செய்யிறது வேறை. அம்பது, நூறு யார் (ஒரு யார் மூண்டு அடி) நீளம், மேல் கயிறு கீழ் கயிறு, ஐஞ்சு யாருக்கு ஒரு தடி, ரெண்டரை அடி உயரம் மட்டிலை. முயல் வெளியிலை மேயேக்கை, காத்தடிக்கிற இருட்டிலை, மேட்டுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் நடுவிலை சத்தமில்லாமல் கட்டி, பேந்து வெளியிலையிருந்து கலைச்சுக்கொண்டு வாறது. காத்து மேய்ச்சல் பக்கமிருந்து மேட்டுப் பக்கம் வர வேணும். வலையை இறுக்கிக் கட்டினால் முயல் மோதித் திரும்பிப் போகும். நூறு யார் ஓட்டத்துக்கு நூற்றம்பது யார் வலை எண்டு தொய்ய விட்டால்தான் சுத்திக்கொண்டு விழும்.

உங்கடை ஒரு ஏக்கருக்கு அது கூடிப்போச்சு. ஆனா 25 யார் துண்டு ஒண்டு உதவும். ஃபெரட் விடுற அண்டைக்கு நெட்டில் பத்தைப் பக்கம் பகலிலையே கட்டி விடுங்கோ, கண்ணுக்குத் தெரியாத பொந்தாலை வாறதெல்லாம் அதிலை விழும். உங்கடை இடமே பழைய முயல் பூமிதான், தெட்ஃபர்ட் காட்டுக்குள்ளை 1400 அளவிலை கட்டின முயல் காவல்காரன்ரை கல் வீடு நிக்குது, போய்ப் பாருங்கோ. அந்தக் காலத்திலை அங்கை முயலைக் காவல் காத்து வளத்தவங்கள், இப்ப நீங்கள் கோசைக் காவல் காக்கிறீங்கள்.

என்னட்டை வலை ஊசி ரெண்டு மேலதிகமாக் கிடக்கு. தனிச்செய்தியிலை விலாசத்தைப் போடுங்கோ, தபாலிலை அனுப்பி விடுறன். அளவுக்கட்டையை நீங்களே அறுங்கோ, மனிசியின்ரை வெட்டுப்பலகையிலை மட்டும் கை வைக்காதேங்கோ.