மார்பில் போட்ட ஜெல்லை ஊசியாலேயே உறிஞ்சி எடுக்க முடியாதா?

மல்லி: சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்க்கும் சீன அக்கா ஒருவர், 2003-ல் குவாங்சோவில் மார்பைப் பெரிதாக்க அமேசிங்ஜெல் ஊசி போட்டுக்கொண்டாராம். இப்போது ஒரு பக்கம் கட்டி கட்டியாக இருக்கிறது, அக்குள் பக்கமும் ஏதோ உருளுகிறது. ஊசியால் போட்டதை ஊசியாலேயே எடுக்கலாமே, எதற்குக் கத்தி என்று கேட்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தியேட்டர் நர்ஸ்: அது பாலிஅக்ரிலமைடு ஜெல், மல்லி. 2006-ல் சீன அரசே தடை செய்த சரக்கு. முகத்துக்குப் போடும் ஹையலுரானிக் ஃபில்லர் என்றால் கரைக்க மருந்து உண்டு, இதற்குக் கிடையாது. போட்ட புதிதில் ஒரே இடத்தில் இருந்தாலும் போகப்போகத் தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் ஊறிவிடும், அதனால் ஊசியில் வருவது தளர்வாக இருக்கிற ஜெல் மட்டும்தான். ஆபரேஷனில் மார்புக்காம்பைச் சுற்றிய கருவளைய ஓரத்திலோ மார்பின் கீழ் மடிப்பிலோ திறப்பார்கள். மஞ்சளாக, ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி வழியும். அதை வெளியேற்றி, சலைன் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவி, ஜெல்லைச் சுற்றி உடம்பே உண்டாக்கித் தடித்துப்போன உறையையும் ஜெல் ஊறிய திசுவையும் வெட்டி எடுத்து, உள்ளே கசியும் நீர் வெளியே வர டிரெயின் குழாய் வைத்து மூடுவார்கள். வெட்டியதைக் கட்டாயம் பயாப்ஸிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்பச் சொல்லுங்கள், எல்லாக் கட்டியும் ஜெல்தான் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

கயல்: முதலில் எம்ஆர்ஐ எடுத்தாரா? ஜெல் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று அதில்தான் சரியாகத் தெரியும், மேமோகிராமை (மார்பக எக்ஸ்ரே) நம்பி இறங்க வேண்டாம்.

மல்லி: எடுக்கப் போகிறார். அதே ஆபரேஷனில் சிலிக்கான் இம்ப்ளான்ட் வைக்க முடியுமா என்றும் கேட்கிறார்.

தியேட்டர் நர்ஸ்: சீழ், காய்ச்சல், சிவப்பு இருந்தால் கூடவே கூடாது. அது இல்லாவிட்டாலும் சில மாதம் ஆறவிட்டு, மறுபடி ஸ்கேன் பார்த்துவிட்டு வைப்பதைத்தான் பல சர்ஜன்கள் விரும்புவார்கள். சிலர் உடனே வைப்பதும் உண்டு, எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. அப்புறம் இன்னொன்று, முழுசாக எடுத்துத் தருகிறேன் என்று எந்த டாக்டராவது உறுதி சொன்னால் வேறு டாக்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்சம் உள்ளே தங்கத்தான் செய்யும், மார்பும் தொங்கலாம். இதை முன்கூட்டியே சொல்கிறவரிடம் போகட்டும்.