மறுமொழி: ‘போர்ட்டிங்’குக்கு என்ன சொல்? பொறிபெயர்ப்பா, நடவா, பதியமா?

வணக்கம். ஒரு வகைச் செயலிக்கு எழுதிய நிரலை வேறு வகைச் செயலியிலும் ஓடச் செய்வதுதான் ‘போர்ட்டிங்’. நம் கலைச்சொல் அகரவரிசைக்காக அதற்குத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்.

> ‘பொறிபெயர்ப்பு’ என்றே வைத்துவிடலாமே. மொழிபெயர்ப்பு எல்லோருக்கும் பழகிய சொல்.

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. நானும் இரண்டு நாள் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். மசல் என்னும் சி நூலகத்தின் (சி மொழி நிரல்களுக்குப் பொதுவான செயல்களின் தொகுப்பு) எம்68கே (மோட்டோரோலா 68000 செயலிக் குடும்பம்) பகுதியைப் பற்றிக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் இடித்தது. மொழிபெயர்ப்பில் மூலத்தின் வாக்கியம் ஒன்றுகூட அப்படியே வராது. இங்கே கதை வேறு. பிரின்ட்எஃப், க்யூசார்ட், ஸ்ட்ரிங் வேலைகள் என்று பெரும்பகுதி சி நிரலை யாரும் தொடுவதே இல்லை. நிரலைச் செயலியின் மொழிக்குப் பெயர்ப்பது கம்பைலர். அந்தப் பெயரை அதனிடமிருந்து பிடுங்கி இதற்குக் கொடுத்தால் நாளைக்கு இரண்டும் குழம்பும்.

‘துறை’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது யூஎஸ்பி போர்ட்டுக்கும் நெட்வொர்க் போர்ட்டுக்கும் சரி. அவை வாசல் என்ற பொருளில் வந்தவை. இந்தப் போர்ட்டோ ‘போர்ட்டபிள்’ வழியாக வந்தது, தூக்கிச் செல்வது என்று பொருள். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றானதற்காக நாமும் இரண்டையும் ஒரே கட்டில் கட்ட வேண்டுமா?

மாறுவது எது என்று பார்த்தால் சொல் தானாக வரும். மோட்டோரோலா 68000 வந்தது 1979-இல். முதல் மேக்கின்டாஷ், அமிகா எல்லாம் அதில் ஓடியவை. மசலில் எம்68கே சேர்ந்தது 2018-இல். அதற்காகப் புதிதாக எழுதியவை: நிரல் தொடங்கும் இடம், கெர்னலைக் (இயங்குதளத்தின் மையத்தை) கூப்பிடும் ‘டிராப்’ கட்டளை, செட்ஜம்ப் (திரும்பி வரவேண்டிய இடத்தைக் குறித்து வைப்பது), அணு நிலைச் செயல்கள் (இடையில் குறுக்கீடு புகாதவை), த்ரெட் பாயின்டர் (நிரலின் ஒவ்வொரு ஓட்டக்கிளைக்கும் உரிய தரவின் முகவரி). கடைசியில் சொன்னதைக் கொஞ்சம் பாருங்கள். பல செயலிகளில் த்ரெட் பாயின்டருக்கென்று ஒரு ரெஜிஸ்டரை (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவிடத்தை) ஒதுக்கிவிடுவார்கள். எம்68கே லினக்ஸில் அது கிடையாது. ஒவ்வொரு முறையும் கெர்னலிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். மேலே இருக்கும் சி நிரலுக்கு இந்த அலைச்சல் எதுவும் தெரியாது.

இன்னொன்று, நானே மாட்டிக்கொண்டது. ஒரு ஷார்ட் (2 பைட் எண்), அடுத்து ஒரு இன்ட் (4 பைட் எண்) வைத்த ஸ்ட்ரக்ட், அதாவது தரவுத் தொகுப்பு. மடிக்கணினியில் அளவு 8 பைட். வேறு செயலிகளைப் போல நடிக்கும் க்யூஎமு மென்பொருளில் எம்68கேவாக ஓட்டினால் 6! கம்பைலர் பழுது என்று அரை நாள் அதைத் திட்டினேன். அங்கே இன்ட் 2-ஆல் வகுபடும் முகவரியில் தொடங்கினால் போதும், இடையில் வெற்று பைட்டுகளை நிரப்புவதில்லை, அவ்வளவுதான். நிரல் அதேதான், மண் வேறு.

அதனால்தான் முதலில் ‘நடவு’ என்றேன். ஆனால் நாற்றைப் பிடுங்கி நட்டால் நாற்றங்கால் காலியாகிவிடும். இங்கே தாய் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எங்கள் ஊரில் முல்லைக்குச் செய்வதுதான் இதற்குப் பொருத்தம்: கொடியை வளைத்து, ஒரு கணுவில் பட்டையைச் சீவி, மண்ணில் புதைத்துக் கல் வைப்பார்கள். கொடி அதே கொடி, வேர் மட்டும் புதிது. பதியம். ‘எம்68கே பதியம்’, ‘மசலை எம்68கேவில் பதியம் போட்டார்கள்’. வாயில் உட்காருகிறது, வினையும் கூடவே வருகிறது.

---

> பதியம் பிடித்திருக்கிறது தம்பி. ஆனால் பதிவு, பதிப்பு, பதிவிறக்கம், பதிவேற்றம் என்று ‘பதி’ வீட்டில் ஏற்கெனவே கூட்டம். ரெஜிஸ்டருக்குப் பதிவகம் என்று வேறு வைத்திருக்கிறோம். ‘பதியத்தில் பதிவகங்களைப் பதிந்து வைத்தல்’ என்று எழுத நேர்ந்தால்?

நேர்ந்தது ஐயா, செட்ஜம்ப் பத்தியிலேயே. டி2 முதல் டி7 வரை, ஏ2 முதல் ஏ7 வரை உள்ள பதிவகங்களின் மதிப்பை எடுத்து வைக்கும் இடம். ‘பதிந்து’ என்பதைச் ‘சேமித்து’ என்று மாற்றினேன்; பாதி நெரிசல் தீர்ந்தது. மீதியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ‘பொறிபெயர்ப்பு’ பொருளிலேயே தவறு. ‘பதியம்’ ஒலியில்தான் இடிக்கிறது. எனக்கு இரண்டாவது தொல்லை பரவாயில்லை.

‘போர்ட்டபிள்’ஐ என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ‘பதியமேற்கும் நிரல்’ என்று எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது. ‘எம்மண்ணுக்குமான’ என்பது விளம்பரம் மாதிரி ஒலிக்கிறது. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். அதுவரை அகரவரிசையில் ‘பதியம்’, ‘பதியம் போடு’ இரண்டை மட்டும் ஏற்றுகிறேன். ‘அப்ஸ்ட்ரீம்’க்கு (மூல நிரல் வளரும் இடத்துக்கு) எதிரே ‘தாய்க்கொடி’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குத் தனி இழை தொடங்குவோம்.