கொண்டையைப் பார்த்துத்தான் பெட்டை சேவலைத் தேர்கிறதா?

செம்பனை_குமரன் (சுங்கை சிப்புட், மலேசியா):
நம் தோட்டத்துச் செம்பனை ஓரத்தில் மேயும் காட்டுக்கோழியைப் பாருங்கள். பெட்டை சேவலின் கொண்டையைத்தான் பார்க்கிறது. பளிச்சென்ற அலங்காரம் நோயைத் தாங்கும் உடம்புக்கு அடையாளம், அந்தத் தாங்குசக்தி குஞ்சுக்கும் போகும் என்று 1982-இல் உயிரியலாளர்கள் ஹாமில்டனும் மார்லீன் ஸூக்கும் எழுதினார்கள். 1990-இல் ஸூக் குழு சில சேவல்களுக்குக் குடல் புழுவை ஏற்றி வளர்த்தது. அவற்றின் கொண்டை சிறுத்து வெளிறியது. பெட்டைகள் பெரும்பாலும் புழு இல்லாத சேவலிடமே போயின.

கோழிப்பண்ணை_ரவி:
தம்பி, நானும் கம்போங் கோழி, அதாவது நாட்டுக்கோழி, வளர்க்கிறவன்தான். சண்டையில் ஜெயித்த சேவல் துரத்திப் பிடித்து மிதிக்கும். இதில் பெட்டை எங்கே தேர்ந்தெடுக்கிறது?

செம்பனை_குமரன்:
அண்ணே, மிதிப்பது வேறு, கரு தங்குவது வேறு. அடங்கிப் போகும் சேவல் வலுக்கட்டாயமாக மிதித்தால், பெட்டை அதன் விந்தை வெளியே தள்ளிவிடுகிறது. ஆய்வாளர்கள் பிட்சாரியும் பர்க்ஹெட்டும் 2000-இல் காட்டியது இது.

தீபா_டீச்சர்:
அதுவும் சண்டையில் ஜெயித்தவனுக்குத்தான் சாதகம், கொண்டைக்கு அல்ல. புழு சோதனையிலும் எனக்கு ஒரு சந்தேகம். எந்தச் சேவலுக்குப் புழு என்று முடிவு செய்தது மனிதர்கள். அப்படியானால் பெட்டைக்கு நோயாளியை அடையாளம் தெரிகிறது, அவ்வளவுதான். தாங்குசக்தி பரம்பரையாக வருவதற்கு அது சாட்சி இல்லை. பேன், செள்ளு தன்மேல் ஒட்டக்கூடாது என்று ஒதுங்கினாலும் இதே முடிவு வரும்.

செம்பனை_குமரன்:
பேனுக்கு அது சரி டீச்சர். இந்தப் புழு மிதிப்பதால் தொற்றாது. முட்டை எச்சத்தோடு விழுந்து, மண்ணில் சில வாரம் கிடந்து முதிர்ந்த பிறகுதான் தொற்றும். பரம்பரைக்குச் சாட்சி தகைவிலானில் இருக்கிறது. ஆம், நம் ஊர் மின்கம்பியில் வரிசையாக உட்காருமே, அதே குருவிதான். அதில் ஆணுக்குக் கொண்டை இல்லை, நீண்ட வால்தான் அலங்காரம். டென்மார்க்கில் மோலர் என்ற ஆய்வாளர் குஞ்சுகளைக் கூடு மாற்றி வைத்தார். வேறு கூட்டில் வளர்ந்தும், நீண்ட வால் உள்ள தகப்பனின் குஞ்சுகளில் செள்ளு குறைவாக இருந்தது.

தீபா_டீச்சர்:
நல்ல சோதனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு குருவியை வைத்து எல்லாப் பறவைக்கும் தீர்ப்பு எழுத முடியாது. பல இனங்களை ஒப்பிட்ட ஆய்வுகளில் ஒன்று ஆம் என்கிறது, ஒன்று இல்லை என்கிறது.

கோழிப்பண்ணை_ரவி:
புழு மருந்து கொடுக்கும் என் சேவல்களுக்கு எல்லாக் கொண்டையும் சிவப்புதான். அங்கே பெட்டை எதைப் பார்க்கும்?

செம்பனை_குமரன்:
கொண்டையின் நீளத்தைப் பார்க்கும் அண்ணே. மருந்து புழுவை எடுக்கும், கொண்டையை ஒரே அளவாக்காது.

தீபா_டீச்சர்:
அந்த நீளம் தாங்குசக்தியால் வந்ததா, நல்ல தீனியால் வந்ததா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.