கொரிய மேலதிகாரியை எப்படிக் கூப்பிடுவது?

சேதராப்பட்டு: அடுத்த மாசம் எங்க யூனிட்டுக்குக் கொரியாவுலருந்து மூணு பேர் வர்றாங்க. சீனியர் பேர் கிம், பதவி 'புஜாங்', அதாவது துறைத் தலைவர். 'கிம் ஸ்ஸி'ன்னா மரியாதைதானே? 'நீங்க'ன்னு சொல்ல என்ன வார்த்தை? பசங்க நாடகம் பார்த்துட்டு 'ஹியோங்'னு கூப்பிடலாமாங்கறாங்க.

நெல்லித்தோப்பு: 'கிம் ஸ்ஸி' வேண்டவே வேண்டாம். வெறும் குடும்பப் பேரோட ஸ்ஸி சேர்த்தா, மேல இருக்கறவர் கீழ இருக்கறவரைக் கூப்பிடுற தொனி. முழுப் பேரோட சேர்த்தா சமமானவங்களுக்குச் சரி. மேலதிகாரிக்கு அதுவும் ஆகாது. குடும்பப் பேர், பதவி, கடைசியில மரியாதைக்கு 'நிம்': கிம் புஜாங்நிம்.

பதவி வரிசை கீழேருந்து ஸாவோன், தேரி, குவாஜாங், ச்சாஜாங், புஜாங். கம்பெனித் தலைவர் ஸாஜாங். நம்மாளுங்க தமிழ்ல 'சாஜாங்'னு எழுதி வெச்சுப் படிச்சா மாட்டிப்பாங்க: ச்சாஜாங்நிம் புஜாங்குக்கும் கீழ, ஸாஜாங்நிம் முதலாளி!

'நீங்க'வுக்கு அகராதி 'தாங்ஷின்'னு காட்டும். அது புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஓடும், இல்லன்னா தெருச்சண்டையில. பதவியையே சொல்லிடுங்க: 'புஜாங்நிம், கொபி தூஷிகெஸ்ஸொயோ?' நடுவுல வர்ற 'ஷி'தான் வினையில மரியாதை. அதை விட்டா 'சார், காபி குடிக்கிறியா'ன்ற மாதிரி.

கடலூர் ஓ.டி.: மேலே சொன்னது சரி. தன்னைச் சொல்லும்போது நிம் போடக் கூடாது. 'நான்'னு சொல்ல 'நா'வும் வேண்டாம், பணிவா 'ஜோ'. அவரே அறிமுகப்படுத்திக்கிட்டா பதவி முன்னாடி, பேர் பின்னாடி வரும். அதை அப்படியே திருப்பிச் சொல்லாதீங்க.

'ஹியோங்' ஆண் தன்னைவிட மூத்த ஆணைக் கூப்பிடறது. பெண் கூப்பிட்டா 'ஓப்பா'. நம்மூர்ல கடைக்காரர்லருந்து கண்டக்டர் வரைக்கும் எல்லாரும் 'அண்ணா'தான். அங்க நெருங்கிப் பழகினவங்களுக்கு மட்டும். ஆபீஸ்ல முதல் நாளே அப்படிக் கூப்பிடாதீங்க. 'சொன்பேநிம்'னா அதே கம்பெனியிலயோ காலேஜ்லயோ முன்னாடி சேர்ந்தவர். வந்த விருந்தாளிக்குப் பொருந்தாது.

சேதராப்பட்டு: எல்லாக் கம்பெனியிலயும் பதவிதானா?

நெல்லித்தோப்பு: இல்ல. கொரியாவோட சி.ஜே. குழுமம் 2000லயே பதவியை விட்டுட்டுப் பேரோட நிம் மட்டும் சேர்க்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் பல கம்பெனிகளும். கூட வர்ற ரெண்டு பேர் கிம்மை எப்படிக் கூப்பிடறாங்கன்னு கேட்டுட்டு அதையே பிடிச்சுக்கங்க. சாயங்காலம் கிளம்பறப்ப 'சுகோஹாசேயோ' ('பாடுபடுங்க'ன்ற மாதிரி) வேண்டாம். பெரியவங்களுக்கு அது வேலை ஏவுற மாதிரி இருக்கும். 'மொன்ஜோ தூரொகா போகெஸ்ஸும்னிதா' ('நான் முன்னாடி கிளம்பறேன்') போதும்.