முழங்கால் மாற்று: கிரியாட்டினின் 1.9, ஸ்டென்ட் உள்ளவருக்கு ரத்தக்கசிவைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் டோஸ்?

மயக்கவியல், எலும்பியல் மருத்துவர்கள் உதவ வேண்டும்.

68 வயதுப் பெண், எடை 58 கிலோ. வலது முழங்கால் மாற்று முடிந்தது, ஆறு வாரத்தில் இடது கால். சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.9, இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 28. இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும், மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்து 14 மாதம். இப்போது ஆஸ்பிரின் 75 மட்டும், அதை நிறுத்துவதாக இல்லை.

முதல் காலுக்கு, சிறுநீரகத்தையும், ஸ்டென்ட்டில் ரத்தம் உறையும் பயத்தையும் நினைத்து, நரம்பு வழியே ட்ரானெக்ஸாமிக் தரவில்லை. 2 கிராமை 100 மில்லி சலைனில் கலந்து மூட்டுக்குள் விட்டு, ட்ரெயினை (கசியும் ரத்தத்தை வெளியேற்றும் குழாய்) ஒரு மணி நேரம் மூடி வைத்தோம். போதவில்லை. 24 மணி நேரத்தில் ட்ரெயினில் 620 மில்லி, ஹீமோகுளோபின் 11.4-லிருந்து 7.9. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று.

பிளேட்லெட், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர், ஏபிடிடி சரி. இரும்புச்சத்து மருந்தான ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் 1000 மி.கி. ஏற்றியபின் ஹீமோகுளோபின் 10.8. வலிப்பு வந்ததில்லை, காலில் ரத்தக்கட்டும் வந்ததில்லை.

ட்ரானெக்ஸாமிக்கின் மருந்துக் குறிப்பேடு கிரியாட்டினின் 1.36 முதல் 2.83 வரை கிலோவுக்கு 10 மி.கி., நாளுக்கு இருமுறை என்கிறது. இந்த மருந்து பெரும்பாலும் மாறாமல் சிறுநீரில்தான் போகிறது. தேங்கினால் வலிப்பு பயம். அதனால் டூர்னிக்கெட் (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டை) கட்டும் முன் நரம்பு வழியே 580 மி.கி. பத்து நிமிடத்தில் மெதுவாக, தையலின்போது மூட்டுக்குள் 1 கிராம் என்று யோசிக்கிறோம். (ட்ரானெக்ஸாமிக் ஆம்பூல் முதுகுத்தண்டு ஊசிக்கான ஸ்பைனல் டிரேயில் வராது, அங்குள்ள மரப்பு மருந்து பூபிவாக்கெய்னோடு மாறிப்போனால் உயிர் போகும்.)

இவருக்கு இந்த இரண்டையும் சேர்த்துத் தரலாமா, அல்லது நரம்பு வழி ஒரே டோஸோடு நிறுத்த வேண்டுமா?